முத்துக்குளித்துறையின் சுண்ணாம்பும் அடுப்படியும்

வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையின் வரலாறு பெரும்பாலும் முத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலூன்றியதும், 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனதும், 1825இல் ஆங்கிலேயர் வசமானதும் முத்துக்குளிப்பு உரிமையோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அந்த ஆட்சிகள் எழுப்பிய பண்டகசாலைகளையும், 1713இல் கட்டி முடிக்கப்பட்ட பனிமய மாதா ஆலயத்தையும், பரதவர் தெருக்களின் வீடுகளையும் இறுகப் பிடித்து நிறுத்திய பொருள் சுண்ணாம்பு. அதுவும் முத்தைப் போலவே மன்னார் வளைகுடாவின் விளைபொருளாக இருந்தும், அதற்குரிய இடம் வரலாற்று நூல்களில் கிடைக்கவில்லை.

மணற்பாங்கான இக்கரையில் கட்டடத்துக்கு ஏற்ற கருங்கல் உள்நாட்டிலிருந்தே வர வேண்டியிருந்ததால், கடலோரத் தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட முருகைக்கல்லே கைக்கெட்டிய கல்லாக இருந்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணக் கோட்டையை டச்சுக்காரர் இதே வகைக் கல்லால்தான் கட்டினர். சுவரில் வைக்கத் தகுந்த கட்டிகள் போக எஞ்சிய துண்டுகள், சுண்ணாம்பு சுடும் சூளையாகிய காளவாய்க்குச் சென்றன. முத்தெடுத்தபின் கரையில் குவிந்த சிப்பி ஓடுகள் மெல்லியவையாகவும் கைவினைப் பொருள்களுக்கு அவ்வளவாக உதவாதவையாகவும் இருந்தபோதிலும், வெண்மையான மேற்பூச்சுச் சுண்ணாம்புக்கு ஏற்றவையாக இருந்தன.

காளவாயில் விறகையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ மூட்டும்போது, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கல்லிலுள்ள கரியமிலவாயு வெளியேறி, 100 கிலோ தூய சுண்ணக்கல் 56 கிலோ கற்சுண்ணாம்பாகக் குறைகிறது. நீர் பட்டதும் இது கொதித்துப் பொடியும் குழம்புமாவதை நீற்றுதல் என்பர். நீற்றிய குழம்பை மணலுடன் சேர்த்து, வட்டக் குழியில் மாடு பூட்டிய கல்லுருளையால் அரைத்த பின்னரே கொத்தனார் கரண்டியைத் தொடுவார். கடுக்காய் ஊறிய நீரும் பனங்கருப்பட்டிக் கரைசலும் கலவைக்குக் குழைவைத் தந்ததோடு, அது உடனே இறுகிவிடாமலும் காத்தன. கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி இக்கரையிலேயே இருந்ததால் அதற்காக வெளியூரை நாட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கரையில் கொட்டிக் கிடந்த கடல்மணலை அப்படியே கலவையில் சேர்ப்பதற்கில்லை. மணலில் ஒட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக் காரையை, அதாவது சுண்ணாம்புப் பூச்சை, உதிர்த்துவிடும் என்பதால் ஆற்றுமணல் தேவைப்பட்டது.

இந்தப் பொருளறிவு முழுவதையும் ஒரே இடத்தில் சோதிப்பது அடுப்படி. அடுப்பைப் பிரித்துக் கட்டும் வேலை சிறியதாகத் தோன்றினாலும், எந்தப் பொருள் எந்தச் சூட்டைத் தாங்கும் என்று அறியாத புதுக்கை முதலில் தவறுவது இங்கேதான். தீ நேரே படும் முகத்தில் சுண்ணாம்புக் காரையைப் பூசினால், கடும் சூட்டில் அது மீண்டும் கற்சுண்ணாம்பாகி, பானையிலிருந்து பொங்கி வழியும் நீரை உறிஞ்சி உப்பிப் பொடிந்துவிடும். ஆகவே பானை அமரும் மூன்று குமிழ்களையும், பெரிய அடுப்பின் அனலைப் பக்கத்து அடுப்புக்குக் கொண்டுசெல்லும் கொடியடுப்பின் வாயையும் களிமண்ணாலேயே அமைப்பர். பழைய அடுப்பை உடைக்கும்போது கிடைக்கும் சுட்ட மண்ணும் வீணாவதில்லை. ஒருமுறை வெந்து சுருங்கிய மண் மறுபடி சுருங்குவதில்லையாதலால், அதை இடித்துப் பச்சைக் களிமண்ணோடும் உமியோடும் பிசைந்தால் புதிய அடுப்பில் வெடிப்பு குறைகிறது. கட்டிய அடுப்பை நிழலில் உலரவிட்டு, முதல் சில நாள் சிறு தீ மட்டும் மூட்டுவதும் இதே காரணத்தால்தான்.

சுண்ணாம்பின் எல்லை தீமுகத்துக்குப் பின்னால் தொடங்குகிறது. பின்சுவரிலும் மேடையிலும் பூசப்படும் செங்கல்பொடி கலந்த சுண்ணாம்பு, ஈரம் நிறைந்த இடத்திலும் இறுகக்கூடியது. அதன்மேல் பதிக்கும் சதுர ஓடுகளை முன்கூட்டியே நீரில் ஊறவைக்க வேண்டும். உலர்ந்த ஓடு காரையின் நீரை உறிஞ்சிக்கொண்டால் காரை இறுகாமல் மண்ணாகிவிடும். பிறகு விரலால் தட்டினாலே ஓட்டின் அடியில் வெற்றிடத்தின் ஓசை கேட்கும். அடுப்பும் ஓடும் வெவ்வேறு அளவில் விரிவடைவதால், இரண்டுக்குமிடையே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு அதில் மண் நிரப்புவதும் அவசியம்.

1949இல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை தொடங்கியது. சுண்ணாம்புக்கு மாற்றான சிமெண்ட் அருகிலேயே கிடைத்தும் பவளப்பாறைகள் தப்பவில்லை. கட்டடத்துக்கும் சுண்ணாம்புத் தொழில்களுக்கும் கல் வெட்டுவது தொடர்ந்தது. அதனால் நேர்ந்த அழிவை 1970களின் தொடக்கத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். 1986இல் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அலையைத் தடுக்கும் பாறை குறைந்ததன் விளைவாக, தூத்துக்குடிக் குழுமத்தின் விலாங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கியது. சுருங்கிவந்த வான்தீவைக் காக்க, 2015 முதல் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. சிற்றூர்களின் வீட்டுத்தேவைக்கு எடுத்த கல்லையும், தொழிற்சாலைக்காகப் படகு படகாக வெட்டிய கல்லையும் ஒரே குற்றமாகக் கருதுவது நியாயமாகாது. எனினும் ஒரு பாறை வளரப் பிடிக்கும் காலத்தை வெட்டிய இரு தரப்பினருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எஞ்சியிருக்கும் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்போர் முருகைக்கல் சுவரின்மேல் சிமெண்டைப் பூசுகையில், சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லை அரிக்கிறது. உள்நாட்டுச் சுண்ணக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு அச்சுவர்களோடு ஒத்துப்போகக் கூடியது. அதைப் பயன்படுத்த விரும்பும் புதியவர் கரண்டியை எடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சுண்ணாம்பை நீற்றி நீருக்கடியில் ஊறவைத்துவிட வேண்டும். சரியாக நீறாத ஒரு துகள் பூச்சுக்குள் பின்னர் உப்பினாலும் ஓடு எழும்பிவிடும்.