வீட்டுத் திரையரங்கு ஒலியமைப்பு

வீட்டுத் திரையரங்கு ஒலியமைப்பு என்பது திரையரங்கில் கேட்கும் சூழொலியை வீட்டு அறையொன்றில் பெறும்பொருட்டு, பல ஒலிபெருக்கிகளை ஆம்ப்ளிஃபயர் எனப்படும் மிகைப்பியுடன் இணைத்து அமைக்கப்படும் கருவித் தொகுதி ஆகும். பேச்சு வழக்கில் இது ஹோம் தியேட்டர் எனப்படுகிறது. பரவலாக விற்கப்படும் 5.1 அமைப்பில் முன்புறம் இடம், வலம், நடு என மூன்றும், கேட்போரின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டும் ஆக ஐந்து ஒலிபெருக்கிகள் உள்ளன. புள்ளிக்குப் பின் வரும் 1 என்பது தாழொலிகளுக்கான சப்வூஃபரைக் குறிக்கும்.

வரலாறு

டால்பி டிஜிட்டல் முறை 1992இல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்துடனும், டி.டி.எஸ் முறை 1993இல் ஜுராசிக் பார்க் படத்துடனும் திரையரங்குகளுக்கு வந்தன. தமிழில் குருதிப்புனல் (1995) டால்பி ஸ்டீரியோ ஒலியுடனும், கருப்பு ரோஜா (1996) டி.டி.எஸ் ஒலியுடனும் வெளியாயின. பின்னர் டிவிடி வட்டுகள் இத்தகைய பல்தட ஒலியை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. நிறுவனத் தயாரிப்புகளுக்கு இணையாக, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் சுற்றுப்பலகைகளை வாங்கி உள்ளூர்க் கடைகளில் பொருத்தித் தரப்படும் அமைப்புகளும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் புழங்குகின்றன.

வாட் கணக்கு

குறைந்த செலவில் வாங்குவோரை அதிகம் ஏமாற்றுவது பெட்டியின் மேல் அச்சிடப்படும் வாட் எண்ணே. பி.எம்.பி.ஓ எனக் குறிக்கப்படும் அளவுக்குப் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ் எனக் குறிக்கப்படும் தொடர்திறனே ஒப்பிடத் தக்கது. உள்ளூர் அமைப்புகளில் வெகுவாகப் பயன்பட்ட, கடைக்காரர்கள் 4440 என்றே அழைக்கும் எல்.ஏ.4440 சில்லு தடத்திற்குச் சுமார் 6 வாட்டும், இரு தடங்களையும் பிணைத்தால் சுமார் 19 வாட்டும் தரக்கூடியது. அதைக் கொண்ட பெட்டியில் நூற்றுக்கணக்கான வாட் என்று ஒட்டுவதால் ஒலி கூடிவிடாது. கருவியின் பின்புறத் தகட்டிலுள்ள மின்நுகர்வைப் பார்ப்பது தோராயமான, ஆனால் பயனுள்ள சோதனையாகும். அங்கே 60 வாட் என்றும் முகப்பில் 5000 வாட் என்றும் இருந்தால் இரண்டாவது எண்ணைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மின்திறன் இரு மடங்கானால் ஒலியளவு 3 டெசிபல் மட்டுமே உயரும். ஆகவே ஒலிபெருக்கியின் உணர்திறன், அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கப்படும் ஒலியளவு, வாட் எண்ணுக்கு நிகராகக் கவனிக்கத் தக்கது. 90 டெசிபல் உணர்திறன் கொண்ட ஒலிபெருக்கி 10 வாட்டில் தரும் ஒலியை, 84 டெசிபல் கொண்டது தருவதற்கு 40 வாட் தேவைப்படும். விற்பனையாளர்கள் இதை அரிதாகவே சொல்கின்றனர்.

வசனமும் நடு ஒலிபெருக்கியும்

படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியின் வழியே வருகிறது. மலிவான 5.1 தொகுதிகளில் இதுவும் ஓர் உள்ளங்கையளவுப் பெட்டியாகவே இருக்கும். சண்டைக்காட்சியில் வீடு அதிர, அடுத்த காட்சியில் பேசுவது புரியாமல் தொலையியக்கியைத் தேட நேர்வதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். பணம் குறைவெனில் ஐந்து சிறு பெட்டிகளைவிட, முன்புறம் இரண்டு நல்ல ஒலிபெருக்கிகளுடன் தொடங்குவது சிறந்தது. தனி மிகைப்பி இருந்தால் நடு ஒலிபெருக்கி, சப்வூஃபர், பின்னொலிபெருக்கிகள் என்ற வரிசையில் பிறகு சேர்க்கலாம். ஒரே பெட்டியில் வரும் தொகுதிகள் பலவற்றில் இவ்வாறு விரிவாக்க இயலாது.

அறை

செங்கற்சுவரும் ஓட்டுத்தரையும் கொண்ட தமிழக வீட்டுக் கூடம் ஒலியை எதிரொலித்துத் திருப்பும். இதனால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெளிவு குன்றும். இதற்கென விற்கப்படும் விலையுயர்ந்த பலகைகள் இல்லாமலே ஓரளவு சீர்செய்யலாம். எடுத்துக்காட்டாக, கைத்தறிப் போர்வைகளுக்கும் விரிப்புகளுக்கும் பெயர்பெற்ற ஈரோடு மாவட்டச் சென்னிமலையில் நெய்யப்படுவன போன்ற தடித்த பருத்தித் துணிகளைச் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி, மடிப்புகளுடன் தொங்கவிட்டால் மேல்தாயி ஒலிகள் உறிஞ்சப்படும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ. அதன் கால்பங்கான 8.5 செ.மீ. இடைவெளியில் துணி நன்கு பயன்தரும். சுவரோடு ஒட்டினால் பயன் குறைவு. தரைக்கு பவானி ஜமக்காளம் போதுமானது.

தாழொலிக்குத் துணி உதவாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். 10 × 14 அடி அறையில் சுமார் 56, 40 ஹெர்ட்ஸ்களில் நிலையலைகள் உருவாகி, ஓரிடத்தில் முழக்கமும் மற்றோரிடத்தில் வெறுமையும் தோன்றும். சப்வூஃபரை அமரும் இருக்கையில் வைத்து ஒலிக்கச் செய்து, அறையைச் சுற்றி வந்து, தாழொலி சீராகக் கேட்கும் இடத்தில் அதை நிலையாக வைப்பது செலவில்லாத தீர்வாகும்.

இணைப்பு

தொலைக்காட்சியிலிருந்து சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் வழியே இணைத்தால் இரு தட ஒலியே செல்லும். மிகைப்பி அதைச் செயற்கையாக ஐந்தாகப் பகுத்துத் தரும். உண்மையான 5.1 ஒலிக்கு ஒளியிழை இணைப்போ, எச்.டி.எம்.ஐ ஏ.ஆர்.சி இணைப்போ வேண்டும். பிந்தையது 2009இல் வெளியான எச்.டி.எம்.ஐ 1.4 பதிப்பில் அறிமுகமானது. ஒலிபெருக்கிகளுக்குச் சிறப்புக் கம்பிகள் தேவையில்லை. 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 10 மீட்டர் தொலைவுக்குப் போகவர ஏறத்தாழ 0.23 ஓம் தடையையே தரும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இது பொருட்படுத்தத் தக்கதன்று.