ஓர் ஆள், பல அஞ்சல்பெட்டிகள்

மின்னஞ்சலின் வரலாற்றைக் கூறுவோர் 1971இல் ரே டாம்லின்சன் அனுப்பிய செய்தியில் தொடங்கி, நேரே ஹாட்மெயிலுக்கும் ஜிமெயிலுக்கும் தாவிவிடுவது வழக்கம். வந்த கடிதங்கள் எங்கே இருந்தன, யார் கையில் இருந்தன என்ற கேள்வி அந்தத் தாவலில் விடுபட்டுப்போகிறது. அதற்கு விடை தேட வேண்டிய இடம், இன்று பலரும் மறந்துவிட்ட மேசைக்கணினி அஞ்சல் மென்பொருள்கள்.

1984இல் வரையறுக்கப்பட்ட பாப் நெறிமுறையின் முழுப்பெயரிலேயே அஞ்சல் நிலையம் இருக்கிறது. கடிதம் வழங்கியில் காத்திருக்கும். நீங்கள் வந்து எடுத்துச் செல்வீர்கள். பிறகு அங்கே ஒன்றும் மிஞ்சாது. அதன் பொதுவான வழக்கம் அதுதான். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய ஐமேப் இதற்கு நேர்மாறானது. அதில் கடிதம் வழங்கியிலேயே தங்கும். உங்கள் கணினி அதைப் பார்க்க உதவும் சன்னல் மட்டுமே.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டீவ் டார்னர், 1988இல் மக்கின்டாஷ் கணினிக்காக ஓர் அஞ்சல் மென்பொருளை எழுதினார். எந்நேரமும் அஞ்சலோடு புழங்கிய அவருக்கு, அஞ்சல் நிலையத்தில் குடியேறிய பெண்ணைப் பற்றி யூடோரா வெல்ட்டி எழுதிய சிறுகதை நினைவுக்கு வந்தது. மென்பொருளுக்கு யூடோரா என்று பெயரிட்டார். பின்னர் குவால்காம் நிறுவனம் அதை எடுத்து நடத்தியது.

மொழியியல் பயின்றவர் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று யூடோராவில் உண்டு. ஒருவர் வைத்திருக்கும் பல அஞ்சல் கணக்குகளை அது ‘பெர்சனாலிட்டி’ என்று அழைத்தது. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனி வழங்கி, தனிக் கையொப்பம். ஆனால் வரும் கடிதங்கள் ஒரே பெட்டியில் வந்து சேரலாம். ஆள் ஒருவரே, முகங்கள் பல என்பது அதன் எண்ணம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ‘ஐடென்டிட்டி’ என்ற சொல்லைக் கையாண்டது. அங்கே அச்சொல் வீட்டுக் கணினியைப் பகிரும் வெவ்வேறு ஆட்களைக் குறித்தது. தண்டர்பேர்டோ அதே சொல்லை ஒரே கணக்குக்குள் ஒருவர் அணியும் வெவ்வேறு அனுப்புநர் பெயர்களுக்குப் பயன்படுத்துகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் ஆட்களைப் பிரிக்கிறது. இன்னோரிடத்தில் ஓர் ஆளைப் பலவாக்குகிறது. இதைத் தமிழாக்கும்போது இரண்டுக்கும் ‘அடையாளம்’ என்று எழுதிவிட்டுப் போவது போதாது.

இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்று. தொலைபேசிவழி இணைப்பில் நிமிடத்துக்கு நிமிடம் செலவு ஏறும். அத்தகைய காலத்துக்குப் பாப் முறை மிகவும் பொருந்தியது: இணைத்து, கடிதங்களை இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். ஆனால் சொந்தக் கணினி இருந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் பிரவுசிங் சென்டர் மேசையில் அமர்ந்து, 1996இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில் போன்றவற்றைத் திறந்தார்கள். நம்மில் பெரும்பாலோருடைய கடிதங்கள் முதல் நாளிலிருந்தே பிறர் வழங்கியில்தான் இருந்தன என்பது என் கணிப்பு.

ஜிமெயில் 2004 ஏப்ரலில் ஒரு ஜிகாபைட் இடத்தோடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தண்டர்பேர்டின் முதல் முழுப் பதிப்பு வெளியானது. யூடோராவின் வணிக வளர்ச்சி 2006இல் நின்றது.

இது ஆய்வு மாணவர்களை நேரடியாகத் தொடும் செய்தி. பல்கலைக்கழகம் தரும் முகவரிக்கு ஆயுள் பெரும்பாலும் சேர்க்கைக் காலம் வரைதான். நெறியாளரின் திருத்தங்கள், தகவலாளர்களின் ஒப்புதல்கள், இதழாசிரியர்களோடு நடந்த வாதங்கள் எல்லாம் அந்த முகவரியில் கிடக்கும். தண்டர்பேர்டில் எல்லாக் கணக்குகளையும் சேர்த்துவிட்டதால் கடிதங்கள் நம்மிடம் வந்துவிட்டன என்று எண்ணிவிடக் கூடாது. ஐமேப் இணைப்பில் வழங்கியில் அழிக்கப்பட்டது அடுத்த ஒத்திசைவில் இங்கும் மறையும். கணினியிலேயே இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு நகலெடுத்தால்தான் அவை உங்கள் வன்தட்டுக்கு உரியவை ஆகும். அங்கே அவை வழக்கமாக எம்பாக்ஸ் என்னும் எளிய உரைக்கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன. எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கலாம்.

ஆங்கிலக் கவிஞர் வெண்டி கோப்பின் ஆவணங்களை பிரிட்டிஷ் நூலகம் 2011இல் வாங்கியது. கையெழுத்துப் படிகளோடு அவற்றில் சுமார் 40,000 மின்னஞ்சல்களும் இருந்தன.