நீரில் மண்வாசனை

நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையில் எழும் மண்வாசனையை விரும்பாதார் இலர். அதே வாசனை குடிநீரில் வீசுமாயின் குவளையைக் கீழே வைத்துவிடுவர். தெளிந்த நீரில் மண்வாசனை எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று.

1891ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் பெர்த்தலோ, ஆந்திரே என்பவருடன் சேர்ந்து மண்ணின் மணப்பொருளை ஆராய்ந்தார். மண்ணை நீருடன் காய்ச்சி வடித்தபோது மணம் கிட்டியது. அப்பொருள் இன்னதென்று துணியுமளவு கிட்டவில்லை. 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பர் அம்மையாரும் லெஷவாலியே என்பாரும், ஆக்டினோமைசீட்ஸ் என்னும் மண்வாழ் நுண்ணுயிர்களை வளர்த்து அதனைப் பிரித்தெடுத்தனர். மண்ணையும் மணத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து ‘ஜியோஸ்மின்’ எனப் பெயரிட்டனர். 1967இல் நீலப்பச்சைப் பாசி ஒன்றும் அதனை உண்டாக்குவது தெரிந்தது. பாசி படர்ந்த ஏரி நீரில் மண்வாசனை வருவதற்குக் காரணம் விளங்கிற்று.

எனினும், நீரில் அதனை அளந்து காட்டுதல் எளிதன்று. ஒரு கிராமைப் பத்துக் கோடிக் கூறாக்கி, ஒரு கூற்றை ஒரு லிட்டர் நீரில் கலந்தாலும் கூரிய மூக்கு அறிந்துவிடும். அத்துணைச் சிறு அளவை நீரிலிருந்து திரட்டிய பின்னரே கருவியால் காண முடியும். 1973இல் சுவிட்சர்லாந்தின் குரோப் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். மூடிய கலத்திலுள்ள நீரினூடே அதே காற்றை மீண்டும் மீண்டும் செலுத்தினார். காற்று ஏந்திவந்த பொருள்களைச் சிறிதளவு கரி பற்றிக்கொண்டது. அவற்றைக் கரைத்தெடுத்துக் கருவியில் இட்டு ஆராய்ந்தார். 1990இல் கனடாவின் பாவ்லிஷின் குழுவினர், மேற்பூச்சிட்ட நுண்ணிய இழையொன்றே அப்பணியைச் செய்யுமாறு எளிதாக்கினர்.

ஜப்பானில் பிவா ஏரி நீரைப் பருகும் கியோட்டோ மக்கள் 1969 முதல் இத்தகைய நாற்றத்தால் இன்னலுற்றனர். 2003இல் அந்நாடு, குடிநீரில் ஜியோஸ்மின் லிட்டருக்கு 10 நானோகிராமுக்கு மேற்படலாகாது என விதித்தது. மேலே கூறிய பத்துக் கோடியில் ஒரு கூறும் இதுவே.

இந்த அளவில் ஜியோஸ்மின் உடலுக்குத் தீங்கு செய்வதாக அறியப்படவில்லை. வழக்கமாக இடும் குளோரின் அதனைப் போக்குவதில்லை. கிளர்வூட்டிய கரி போக்கும். ஆயினும் நாறும் நீரை மக்கள் நம்பிப் பருகார். கருவி காட்டவில்லை என்பதற்காக அவர்தம் முறையீட்டைத் தள்ளிவிடலாகாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.