என்கிளெக்ஸ் பிறந்த கதை

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்கப் பட்டம் மட்டும் போதாது, என்கிளெக்ஸ் என்ற பரீட்சையைப் பாஸ் செய்தாக வேண்டும். நம்மூர் நர்சிங் கல்லூரிகளிலும் இந்தப் பெயர் நன்றாகவே அடிபடுகிறது. ஆனால் நர்ஸுகளுக்குப் பரீட்சை வைத்துப் பதிவு செய்யும் யோசனையை ஆரம்பத்திலேயே எதிர்த்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்தான்.

அன்றைய இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்க ஆளில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கென ஒரு பதிவேடு வேண்டும் என்று 1887-ல் சங்கம் தொடங்கிக் கிளம்பினார் எத்தல் கோர்டன் ஃபென்விக் என்ற நர்ஸ். நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணத்தைத் தாளில் எழுதவைத்து அளக்க முடியாது என்றார் நைட்டிங்கேல். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நைட்டிங்கேல் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1919-ல்தான் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. அதற்குள் நியூசிலாந்து முந்திக்கொண்டது. 1901-ல் அங்கே சட்டம் வந்தது, 1902 ஜனவரியில் எலன் டோஹர்ட்டி என்பவர் பதிவேட்டின் முதல் நர்ஸ் ஆனார்.

அமெரிக்காவில் முதல் அடி எடுத்து வைத்தது வடக்கு கரோலினா. மேரி லூயிஸ் வைச் என்ற நர்ஸின் முயற்சியால் 1903-ல் அங்கே சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் சொன்ன பரீட்சைப் பாடங்களைப் பாருங்கள்: உடற்கூறு, மருத்துவம், அறுவை, பிரசவம், வீட்டுச் சுகாதாரம். கூடவே நோயாளிக்கான சமையல்! நர்ஸ் வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொண்ட காலம் அது. கஞ்சி பக்குவமாக வைக்கத் தெரிவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

அதே ஆண்டு நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா மாநிலங்களும் சட்டம் கொண்டுவந்தன. மற்றவை பின்தொடர்ந்தன. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு கேள்வித்தாள் வைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் வந்து நர்ஸுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அவசரமாக ஆள் வேண்டிய நேரத்தில் இந்த ஏற்பாடு இழுத்தடித்தது. எல்லா மாநிலங்களும் பயன்படுத்தக்கூடிய பொதுக் கேள்வித்தொகுப்பு ஒன்று 1944-ல் உருவானது. என்கிளெக்ஸின் தாய் இதுதான். 1950-க்குள் எல்லா மாநிலங்களும் இதற்கு மாறின. மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம் என்று ஐந்து தாள்கள். பென்சில் பிடித்து இரண்டு நாள் எழுதிவிட்டு, ரிசல்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அதுவரை நைட்டிங்கேலின் ஆட்சேபணைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மனப்பாடம் செய்தவர் பாஸாகிவிடலாம் என்ற நிலைதான். மாற்றம் 1982-ல் வந்தது. 1978-ல் மாநில நர்சிங் போர்டுகள் சேர்ந்து அமைத்த தேசியக் கவுன்சில், தாள்களை ஒன்றாக்கி என்கிளெக்ஸ் என்று பெயரிட்டது. நோய்வாரியாகக் கேட்பதை விட்டு, நோயாளியின் நிலையை அறிவது, திட்டமிடுவது, செய்வது, பலனைச் சரிபார்ப்பது என்ற வேலையின் போக்கிலேயே கேள்விகள் அமைந்தன.

1994-ல் பென்சில் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். கடைக்காரர் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்து எடை பார்ப்பது மாதிரி, உங்கள் திறமை எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணித்துக்கொண்டே போகும். பாஸ் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் பரீட்சை நின்றுவிடும்.

கேள்வி எப்படி இருக்கும்? உங்கள் பொறுப்பில் நான்கு நோயாளிகள். அறுவை முடிந்து இரண்டு நாளாகி வலி என்று முனகுபவர் ஒருவர். சர்க்கரை 180 காட்டுபவர் ஒருவர். டிஸ்சார்ஜுக்குக் காத்திருப்பவர் ஒருவர். இன்று காலை தைராய்டு ஆபரேஷன் முடிந்து, மூச்சிழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருபவர் ஒருவர். முதலில் யாரிடம் போவீர்கள்? நால்வரையுமே கவனிக்க வேண்டும்தான். ஆனால் கடைசி ஆளுக்கு மூச்சுப்பாதை அடைபடத் தொடங்கியிருக்கலாம், அவருக்குத்தான் நேரமில்லை. புத்தக வரியை ஒப்பிப்பவர் இங்கே திணறுவார், வார்டில் நின்று பழகியவர் சட்டென்று எழுந்துவிடுவார்.

2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவம் இன்னும் ஒரு படி போனது. ஒரே நோயாளியின் ரிப்போர்ட், நர்ஸ் எழுதிய குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் திரையில் காட்டி, அதில் எது ஆபத்தின் அறிகுறி, அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஆறு கேள்விகள் கேட்கிறது. பாதி சரியானால் பாதி மதிப்பெண்ணும் உண்டு.

நைட்டிங்கேல் சொன்ன குணத்தை இன்றைக்கும் எந்தக் கம்ப்யூட்டராலும் அளக்க முடியாது. அந்த மட்டில் அவர் சொன்னது சரி. ஆனால் இந்த நர்ஸிடம் நோயாளியை நம்பி விடலாமா என்பதைப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று ஃபென்விக் கட்சி நிரூபித்துவிட்டது.

இப்போது சென்னையிலேயே இதை எழுதலாம். தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை ஆயிரம் கேள்வி போட்டுப் பார்த்தோம் என்று கணக்கு வைப்பதைவிட, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று படியுங்கள். குறைந்தபட்ச அளவான 85-வது கேள்வியிலேயே திரை அணைந்தால் பதற வேண்டாம். பாஸானவருக்கும் அங்கேயே நிற்கும், தவறியவருக்கும் அங்கேயே நிற்கும். தவறினாலும் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.