குழந்தைகளின் பால்பற்களுக்குப் பல் உறை: பெற்றோர் அறிய வேண்டியவை

"விழப்போகும் பல்தானே, அதற்கு எதற்கு உறை?" என்பது இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிப் பெற்றோர் பலரின் கேள்வி. பாலின் முன்பற்கள் 6 அல்லது 7 வயதில் விழத் தொடங்கும். ஆனால் 8 பால் கடைவாய்ப்பற்களும் 9 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. இவை மெல்லுவதற்கு உதவுவதோடு, பின்னர் முளைக்கும் நிலையான பற்களுக்கு இடத்தையும் காக்கின்றன. முன்கூட்டியே இழந்தால் அருகிலுள்ள பல் அவ்விடத்திற்கு நகரும். புதிய பல் கோணலாக முளைக்கலாம்.

பல் உறை என்றால் என்ன?

மக்கள் 'கேப்' என்று கூறும் இவ்வுறை, சொத்தையால் வலுவிழந்த பல்லை முழுமையாக மூடும். கடைவாய்ப்பற்களுக்குப் பெரும்பாலும் எவர்சில்வர் உறை பொருத்தப்படுகிறது. இது 1950 முதல் பயன்பாட்டில் உள்ளது. பல் நிறத்திலான சிர்கோனியா உறையும் உண்டு. அதற்குப் பல்லைக் கூடுதலாகச் செதுக்க வேண்டும், செலவும் அதிகம்.

எப்போது தேவை?

• சொத்தை பல்லின் பல பக்கங்களில் பரவியிருக்கும்போது
• பால்பல்லில் வேர்ச் சிகிச்சை செய்த பின்பு
• அடைத்த இடம் மீண்டும் மீண்டும் உடையும்போது

எவ்வாறு பொருத்தப்படுகிறது?

வழக்கமான முறையில், ஊசியால் மரத்துப்போகச் செய்து, சொத்தையை அகற்றி, உறையை ஒட்டுவர். வலியும் சீழும் இல்லாத சில பற்களில், ஊசியும் துளையிடலும் இன்றியே உறையைப் பொருத்தும் 'ஹால் முறை' உண்டு. இதில் உறைக்குள் அடைபட்ட சொத்தை மேலும் பரவுவது தடைப்படுகிறது. கடிக்கும்போது பல் சற்று உயர்ந்தது போல் தோன்றும். சில வாரங்களில் சரியாகிவிடும். எம்முறை ஏற்றது என்பதை மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்வார். வேர் வரை சீழ் பரவிய பல்லை அகற்றுவதே நல்லதாக இருக்கலாம். குழந்தைக்கு நிக்கல் ஒவ்வாமை இருப்பின் முன்னரே தெரிவிக்கவும்.

பொருத்திய பின்

• உதடு மரத்திருக்கும் வரை உணவு தர வேண்டாம். குழந்தை உதட்டைக் கடித்துக்கொள்ளலாம்.
• காலையும் இரவும் உறையின் ஈற்றோரத்தைத் துலக்கவும். பெற்றோர் நூற்பாலை இரவுப் பணியில் இருந்தால், பாட்டியோ தாத்தாவோ இதைக் கவனிக்கவும்.
• ஃப்ளூரைடு பற்பசையை 3 வயதுக்குள் அரிசி அளவும், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவும் பயன்படுத்தவும்.
• பால்கோவாவை அடியோடு மறுக்க வேண்டியதில்லை. உணவோடு சேர்த்துக் கொடுங்கள். இடைவேளைகளிலும் உறங்கும் முன்னும் தவிர்க்கவும்.
• உறை கழன்றால் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு மருத்துவரை அணுகவும்.

பல் விழும்போது உறையும் அதனுடன் விழுந்துவிடும். தனியே கழற்ற வேண்டியதில்லை.

தாமதிக்கக் கூடாதவை

காய்ச்சலுடன் கன்னம் வீங்கினால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ இயலாவிட்டால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கழன்ற உறையை விழுங்கிய குழந்தை இருமினாலோ மூச்சுத் திணறினாலோ 108-ஐ அழையுங்கள். வலி மருந்தால் வலி அடங்கினாலும் சொத்தை குணமாவதில்லை.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மருத்துவக் குழு பரிசோதிக்கும்போது பற்களையும் காட்டுங்கள். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். வலி வரும் வரை காத்திருக்காதீர்கள். சிறு சொத்தைக்கு அடைப்பே போதுமானதாக இருக்கலாம்.