ஸ்லோப்பரை வரைந்த கை யாருடையது?

சித்திரக்கதையின் வரலாற்றைத் தேடிப் போனால் சார்லஸ் ஹென்றி ராஸ் என்ற பெயர் கட்டாயம் எதிர்ப்படும். விக்டோரியா காலத்து லண்டனில் நகைச்சுவை எழுத்தாளராகவும் கார்ட்டூனிஸ்டாகவும் இருந்தவர். 'ஜூடி' என்ற வார இதழில் 1867 ஆகஸ்டில் அவர் அறிமுகப்படுத்திய ஆலி ஸ்லோப்பரை, இதழ்தோறும் திரும்பத் திரும்ப வந்த முதல் சித்திரக்கதை நாயகர்களில் ஒருவனாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வீங்கிய மூக்கு, நசுங்கிய தொப்பி, கையில் குடை. வாடகை கேட்டு ஆள் வந்தால் சந்து வழியே நழுவிவிடுவான். அவன் பெயருக்கே அதுதான் பொருள். வாடகைக்குப் பயந்து வாழ்ந்த நகரத்தில் அவனைப் பார்த்து மக்கள் ஏன் சிரித்தார்கள் என்பது நமக்குப் புரிகிறது.

ஆனால் அவனுடைய கூட்டாளி ஐக்கி மோ? யூதர்களைப் பற்றி அன்றைய பொதுப்புத்தி வைத்திருந்த அத்தனை இழிவுகளையும் திரட்டிச் செய்த உருவம் அது. வீட்டுக்காரரை ஏய்க்கும் ஏழையைக் கொண்டாடிய அதே கட்டத்துக்குள், இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களைக் கேலிப்பொருளாகவும் நிறுத்தினார்கள். சிரிப்பு எப்போதும் மேல்நோக்கியே பாய்வதில்லை, தோழர்களே. இதை 'அந்தக் காலம் அப்படி' என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. ஸ்லோப்பரைப் படைத்தவர் ராஸ் என்றாலும், 1869 முதல் அவனைப் பெரும்பாலும் வரைந்தவர் ராஸின் துணைவி மேரி டுவால். இயற்பெயர் இசபெல் எமிலி தெ தெசியர். மேடை நடிகை, ஓவியம் முறையாகக் கற்றவரல்லர். கோடுகள் கோணல்மாணலாக ஓடும், கை கால்கள் மனம்போல நீளும். ராஸின் படங்களைவிட அவற்றில்தான் உயிர் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நூற்றுக்கணக்கான படங்கள், பலவற்றில் அவருடைய கையொப்பமே இருக்கிறது. அப்படியிருந்தும் பின்னால் வந்த வரலாறுகளில் நெடுங்காலம் பெருமை கணவருக்கே போனது. டுவால் வெறும் உதவியாளராகச் சுருக்கப்பட்டார். அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் அவருடைய படங்களைத் தேடித் தொகுத்தார்கள்.

ஸ்லோப்பரின் உரிமை பிறகு கில்பர்ட் டால்சீல் என்ற பதிப்பாளர் கைக்குப் போனது. 1884இல் 'ஆலி ஸ்லோப்பரின் அரைநாள் விடுமுறை' என்ற வார இதழை ஒரு பென்னி விலையில் அவர் தொடங்கினார். தொழிலாளர்கள் போராடிப் பெற்ற சனிக்கிழமை மதிய ஓய்வுதான் அந்தப் பெயரில் இருந்தது. அதில் ஸ்லோப்பரை வரையும் வேலை டபிள்யூ. ஜி. பாக்ஸ்டரிடம் போனது. டுவால் 1890இல் இறந்தார். இதழ் 1916 வரை வந்துகொண்டிருந்தது.