நாகையா இயக்கிய மூன்று கதைகள்

வேலூரிலிருந்து திருப்பதி மலையடிவாரமான அலிபிரிக்குப் போகிறவர்கள் சித்தூரைத் தாண்டித்தான் போகவேண்டும். மொட்டை போடவும் மலையேறவும் இந்த வழியாகப் போய்வரும் நம்மவர்களுக்கு அந்த ஊர் ஒரு டீ நேரம், அவ்வளவுதான். ஆனால் தென்னிந்திய சினிமாவின் முதல் தலைமுறைக் கலைஞர் ஒருவரை மேடையேற்றியது அந்த ஊர்.

வி. நாகையா 1904-ல் குண்டூர்ப் பக்கம் ரேபல்லேயில் பிறந்தவர். சித்தூர் ராம விலாச சபை நாடகங்களில் பாடி நடித்துப் பேர் வாங்கியதால் 'சித்தூர் நாகையா' ஆனார். 1938-ல் 'கிருஹலட்சுமி' மூலம் சினிமாவுக்கு வந்தார். தமிழில் 'அசோக்குமார்', எம்.எஸ். சுப்புலட்சுமியுடன் 'மீரா'. 'பாவ மன்னிப்பு' படத்தில் சிவாஜியை வளர்க்கும் முஸ்லிம் பெரியவராக வந்தவரும் இவர்தான். இந்த முகம் பலருக்கு நினைவிருக்கும். இயக்குநர் நாகையாவைத்தான் மறந்துவிட்டோம்.

தாம் நடித்த 'பக்த போதனா' படத்தின் வெற்றிக்குப் பிறகு வெளியார் படங்களிலேயே அவர் சௌகரியமாகக் காலம் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. ரேணுகா பிலிம்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி, 1946-ல் 'தியாகய்யா' எடுத்தார். தயாரிப்பு, இயக்கம், இசை, கதாநாயகன் எல்லாம் அவரே. திருவையாற்று மகானின் கீர்த்தனைகளைத் தம் குரலிலேயே பாடி நடித்தார். அரசன் தந்த செல்வம் வேண்டாம் என்றவர் தியாகராஜர். அவர் வேடம் போட்ட இந்த மனிதருக்கும் காசைச் சேர்த்துவைக்கத் தெரியவில்லை. கேட்டு வந்தவருக்கெல்லாம் கொடுத்தார்.

அதற்கான விலையை வருஷக் கணக்கே சொல்லிவிடுகிறது. அடுத்த கதையை அவர் இயக்க ஏழு வருஷம் ஆயிற்று: 1953-ல் தெலுங்கில் 'நா இல்லு', தமிழில் 'என் வீடு'. அதற்கடுத்த 'ராமதாசு' 1964-ல்தான் வந்தது. இடையில் பதினொரு வருஷம்! அந்தக் காலமெல்லாம் அடுத்தவர் படங்களில் அப்பாவாகவும் தாத்தாவாகவும் நடித்தே கழிந்தது. தன் இஷ்டப்படி படமெடுக்க நினைப்பவனைக் காப்பாற்ற அன்று அதிகம் வழி இல்லை. ஒரு படம் கையைக் கடித்தால் அத்தோடு சரி.

1965-ல் பத்மஸ்ரீ வந்தது. 1973 டிசம்பர் 30-ல் சென்னையில், வறுமையில் காலமானார். தி.நகர் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.